பெட்டி நம்முடையது, அதன் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்கின்ற தமிழ், முஸ்லிம் மக்களுக்கு ஆவண இழப்பு என்பது புதியதொரு அனுபவமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி வீடுகளின் கூரைகளை மாத்திரமன்றி, அலுமாரிகளில் இருந்த காகிதங்களையும் அள்ளிச் சென்றது. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளின்போது உடுத்த உடையுடன் வெளியேறியவர்கள் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டே சென்றனர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை நாவலடி தொடக்கம் காத்தான்குடி வரையிலான கரையோரக் குடும்பங்களின் புகைப்படங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. தாம் யார், தமது காணி எது என்பதை நிரூபிப்பதற்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அனுபவம் இரு சமூகத்தவருக்கும் பொதுவானது.

இந்த அனுபவத்தின் விளைவாகவே, காகிதத்தில் உள்ளவற்றைப் படமெடுத்துக் கணினியில் சேமித்து வைக்கின்ற பழக்கம் இப்பிரதேசத்தில் வேரூன்றியுள்ளது. பாடசாலைகள் தமது மாணவர் பதிவேடுகளையும், ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தமது திருமணப் பதிவுகளையும் கணக்குகளையும், சனசமூக நிலையங்கள் தமது பழைய மலர்களையும், படப்பிடிப்பு நிலையங்கள் ஊரவரின் கல்யாணங்களையும் இவ்வாறு சேமித்து வைப்பது இன்று சாதாரண விடயமாகும். இவற்றைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மேசை மூலையில் சிறு விளக்குகள் மின்ன, ஒன்றிரண்டு வன்தட்டுகளுடன் இயங்குகின்ற ஒரு சிறிய பெட்டியாகும். வலையமைப்பில் இணைக்கப்பட்டு, அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான அலுமாரியாகப் பயன்படுகின்ற இதனை 'நாஸ்' பெட்டி என்று அழைக்கின்றனர்.

இப்பெட்டியை வாங்குபவர்கள் அதனை ஓர் இரும்பு அலுமாரியைப் போன்றே கருதுகின்றனர். பூட்டினால் பாதுகாப்பு, பழுதடைந்தால் திருத்தம் என்பதே அவர்களது எண்ணம். ஆயினும் இது அலுமாரியன்று. இதுவும் ஒரு கணினியே. இதனை இயக்குவது தயாரிப்பு நிறுவனத்தினால் உள்ளே பதிக்கப்பட்ட 'ஃபேர்ம்வெயர்' எனப்படும் நிலைபொருளாகும். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது, கோப்பை எங்கே எழுதுவது, எப்போது அழிப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. பெட்டிக்கு நாம் பணம் கொடுத்து உரிமையாளர்களாகின்றோம். அதனை இயக்குகின்ற நிலைபொருளோ நிறுவனத்தின் கையிலேயே தொடர்ந்தும் இருக்கின்றது. அந்நிறுவனம் அதனைக் கைவிடுகின்ற நாளில் என்ன நடக்கின்றது என்பதே இன்று நாம் கவனத்திற் கொள்ள வேண்டிய விடயமாகும்.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகின் பல நாடுகளில் 'மை புக் லைவ்' என்ற பெட்டியை வைத்திருந்தோர், தமது கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் அழிந்து போயிருப்பதைக் கண்டனர். வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் தயாரிப்பான அப்பெட்டிக்கு 2015ஆம் ஆண்டின் பின்னர் எந்தவொரு புதுப்பித்தலும் வழங்கப்பட்டிருக்கவில்லை. பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புகின்ற கட்டளைக்கு முன்பாகக் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டிய வரிகள் 2011ஆம் ஆண்டின் மாற்றமொன்றின்போது செயலற்றதாக்கப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அதாவது, வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால், அது பூட்டப்பட்டிருக்கவில்லை. பத்து ஆண்டுகளாக இதனை எவரும் கவனிக்கவில்லை. இறுதி ஆறு ஆண்டுகளில் கவனிப்பதற்கு எவரும் இருக்கவுமில்லை. பாதிக்கப்பட்டோருக்குத் தரவு மீட்புச் சேவை வழங்க நிறுவனம் பின்னர் முன்வந்தது என்பது உண்மையே. ஆனால், அப்பெட்டியை நம்பித் தமது பிரதிகளை அதனுள் மாத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஏற்பட்ட அவலத்தை அது முழுமையாக ஈடுசெய்திருக்க முடியாது.

இரண்டாவது சம்பவம் இதனினும் பாரதூரமானது. 2024 ஏப்ரலில் டீ-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்புப் பெட்டிகள் சிலவற்றில், கடவுச்சொல்லே இல்லாத ஒரு பயனர் கணக்கு நிறுவனத்தினாலேயே உள்ளே பதிக்கப்பட்டிருந்தமை அம்பலமாகியது. அதனைப் பயன்படுத்தி வெளியார் எவரும் பெட்டிக்குக் கட்டளையிட முடியும். இவ்வாறான 92,000க்கு மேற்பட்ட பெட்டிகள் இணையத்தில் திறந்து கிடப்பதாக அதனைக் கண்டறிந்த ஆய்வாளர் தெரிவித்திருந்தார். நிறுவனத்தின் பதில், இப்பெட்டிகளின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்குங்கள் என்பதாகவே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மற்றுமொரு குறைபாடு வெளியாகியபோதும் அதே பதிலே கிடைத்தது.

ஒரு நிறுவனம் தனது பொருளைக் காலம் முழுவதும் பராமரிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது நியாயமும் அன்று, நடைமுறைச் சாத்தியமும் அன்று. ஆனால், பெட்டியின் வன்பொருள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியதாக இருக்கையில் அதன் நிலைபொருளுக்கு நான்கைந்து ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடுகின்றது என்றால், அந்த முடிவுத் திகதியை வாங்குகின்ற நாளிலேயே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். ஆதரவை நிறுத்திய பின்னர், வேறொரு மென்பொருளை அதில் நிறுவுவதற்கு உரிமையாளரை அனுமதிக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல், புதியதை வாங்குங்கள் என்று மாத்திரம் கூறுவது நுகர்வோரைக் கைவிடுவதற்கு ஒப்பானதாகும்.

புதியதை வாங்குவது எல்லோருக்கும் ஒரே அளவிலான சுமையன்று. 2022ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை அண்மித்தது. இறக்குமதி செய்யப்படுகின்ற இலத்திரனியல் பொருட்களின் விலை அன்று ஏறியதே தவிர, பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கொழும்பிலுள்ள ஒரு வங்கி தனது பெட்டியை மாற்றிவிடலாம். வாகரையிலோ, ஓட்டமாவடியிலோ, களுவாஞ்சிகுடியிலோ உள்ள ஒரு சிறிய பாடசாலை அவ்வாறு செய்ய முடியாது. எனவே, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பழைய பெட்டியும், கொழும்பில் கழித்துவிடப்பட்ட பெட்டியுமே இங்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் ஆதரவுக் காலம் முடிந்தவை எத்தனை என்று எவரும் பார்ப்பதில்லை.

சிறிய நிறுவனங்களின் அறியாமை என்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க முகில் கட்டமைப்பு கப்பம் கோரும் தீம்பொருளினால் தாக்கப்பட்டபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. அங்கு பயன்படுத்தப்பட்டு வந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் தயாரிப்பாளரின் ஆதரவு முடிவடைந்த 2013ஆம் ஆண்டைய மென்பொருளாகும். அதனைப் புதுப்பிப்பதற்கான திட்டம் நிதிப் பற்றாக்குறையினால் பிற்போடப்பட்டிருந்தது. காப்புப் பிரதிகளும் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. நாட்டின் தலைமைச் செயலகங்களுக்கே இந்நிலை என்றால், ஊர் வாசிகசாலையைக் குறைகூறுவதில் பயனில்லை. இரு இடங்களிலும் காரணம் ஒன்றே. காலாவதியான மென்பொருளை அது இயங்குகின்றது என்ற ஒரே காரணத்துக்காக நம்பியிருந்தமையே அக்காரணமாகும்.

இதற்கு மாற்று வழி உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்பதே பதிலாகும். அது புதியதொன்றுமன்று. லிங்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரவுட்டரினுள் லினக்ஸ் மென்பொருள் இருப்பது 2003ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. லினக்ஸின் பொது உரிமத்தின்படி, அதனைத் தமது கருவியில் இணைத்து விற்பவர் அதன் மூலநிரலையும் வழங்க வேண்டும். எழுந்த அழுத்தத்தின் காரணமாக நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004ஆம் ஆண்டில் 'ஓபன் டபிள்யூ.ஆர்.டி' என்ற திறந்த நிலைபொருள் உருவாகியது. இன்றும் அது பராமரிக்கப்பட்டு வருகின்றது. இந்த உரிமக் கடப்பாட்டை நிறைவேற்றவில்லை என்று கூறி, லிங்சிஸின் அன்றைய உரிமையாளரான சிஸ்கோ நிறுவனத்துக்கு எதிராகச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசெம்பரில் வழக்குத் தொடுத்ததும், 2009 மே மாதத்தில் இணக்கம் காணப்பட்டதும் பதிவிலுள்ள விடயங்களாகும்.

சேமிப்புக் கருவிகளிலும் இதே வரலாறு நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டில் லிங்சிஸ் வெளியிட்ட, உள்ளங்கையளவிலான ஒரு கருவியில் வன்தட்டு கிடையாது. வெளியிலிருந்து இரண்டு வன்தட்டுகளை யூ.எஸ்.பி. மூலம் இணைக்க முடியும். 32 மெகாபைட் நினைவகத்தை மாத்திரமே கொண்டிருந்த அக்கருவிக்குத் தன்னார்வலர்கள் மாற்று நிலைபொருளை எழுதினர். பின்னர் டெபியன் லினக்ஸையே முழுமையாக அதில் இயக்கினர். நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய பின்னரும் அக்கருவி பல ஆண்டுகள் உழைத்தது. முன்னர் குறிப்பிட்ட டீ-லிங்க் வரிசையின் பல மாதிரிகளுக்கும் 'ஆல்ட்-எஃப்' என்ற திறந்த நிலைபொருள் உள்ளது. நிறுவனம் கைவிட்டதை முகமறியாத மனிதர்கள் கையேற்றனர் என்பதே இவற்றின் சாரமாகும்.

எனினும், இதனைச் சர்வரோக நிவாரணியாக எவரும் கருதிவிடக் கூடாது. தன்னார்வ மென்பொருளுக்கும் மூப்பு உண்டு. அதனை எழுதியவர் களைப்படைந்தால் அதுவும் நின்றுவிடும். எல்லாப் பெட்டிகளும் மாற்று மென்பொருளை ஏற்பதுமில்லை. ஒரே பெயரில் விற்கப்படுகின்ற மாதிரியிலேயே ஏ1, பி1 எனப் பல வன்பொருட் பதிப்புகள் இருக்கும். ஒன்றிற்குரிய நிலைபொருளை மற்றொன்றில் பதித்தால் பெட்டி உயிரற்றதாகிவிடும். பதிக்கின்ற வேளையில் மின்சாரம் தடைப்பட்டாலும் அதே கதியே ஏற்படும். முன்னறிவித்தலின்றி மின்சாரம் தடைப்படுகின்ற எமது சூழலில், தடையில்லா மின்வழங்கி ஒன்றில்லாமல் இம்முயற்சியில் இறங்குவது ஆபத்தானதாகும். அனைத்துக்கும் மேலாக, கோப்புகள் முழுவதையும் வேறொரு வன்தட்டில் பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று பரிசோதித்த பின்னரே பெட்டியில் கை வைக்க வேண்டும்.

பெட்டி முற்றாகச் செயலிழந்தாலும் வன்தட்டுகள் நல்ல நிலையில் இருக்கக்கூடும். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் முறையிலேயே கோப்புகளை எழுதுவதால், லினக்ஸ் இயங்குகின்ற சாதாரண கணினியொன்றில் வன்தட்டை இணைத்து அவற்றை வாசித்துவிடலாம். விண்டோஸ் கணினியில் இணைத்து, அது கேட்டவாறு 'போர்மட்' செய்துவிடுவதே நடக்கின்ற பெருந்தவறாகும். இதிலும் விதிவிலக்குகள் உண்டு. மை புக் லைவ் பெட்டி வழமைக்கு மாறான அளவில், 64 கிலோபைட் கூறுகளாக வன்தட்டைப் பிரித்திருந்ததால், சாதாரண லினக்ஸ் கணினியும் சிறப்பு மென்பொருளின் உதவியின்றி அதனை வாசிக்கவில்லை. எனவே, பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை வெளியே எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனமாகும்.

நிலைபொருளை மாற்ற முடியாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கும் வழி இருக்கின்றது. முதலாவதாக, பெட்டி இணையத்திலிருந்து நேரடியாக எட்டப்பட முடியாதவாறு ரவுட்டரில் உள்ள வழிகளை அடைத்துவிட வேண்டும். தொலைவிலிருந்து கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என்று விளம்பரப்படுத்தப்படுகின்ற வசதியே திருடனுக்கும் வழியாக அமைகின்றது. மேலே கூறிய இரு சம்பவங்களிலும் பாதிக்கப்பட்டவை இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்ட பெட்டிகளே. ஆதரவுக் காலம் முடியாத பெட்டிகளுக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரியில் கியூநெப் நிறுவனத்தின் பெட்டிகளைத் தாக்கிய 'டெட்போல்ட்' தீம்பொருள், கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்கொயின் கப்பம் கோரியதும் இவ்வாறு திறந்திருந்த பெட்டிகளிடம்தான். இரண்டாவதாக, பெட்டியைக் கழித்துவிட்டு அதன் வன்தட்டை ஒரு பழைய மேசைக் கணினியில் பொருத்தி, 'ஓபன் மீடியா வோல்ட்' போன்ற இலவச மென்பொருளுடன் இயக்கலாம். பழைய கணினி கூடுதலான மின்சாரத்தை விழுங்கும் என்பது உண்மையே. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு அது சிறிய விடயமன்று. ஆயினும், சேமிப்பகம் இரவு பகலாக இயங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒரு பாடசாலைக்கோ பள்ளிவாசலுக்கோ கிடையாது. தேவையான வேளையில் இயக்கி, பின்னர் நிறுத்திவிடலாம். நிறுத்தப்பட்ட கணினியை எவரும் இணையத்தினூடாகத் தாக்க முடியாது.

மூன்றாவதும் முக்கியமானதுமான விடயம் பிரதிகளாகும். ஒரே பெட்டியில் இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதி செய்கின்றன என்பதனால் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதாகப் பலர் நம்புகின்றனர். அது ஒரு வன்தட்டின் பழுதிலிருந்து மாத்திரமே காக்கும். அழிக்கும் கட்டளை வந்தால் இரண்டுமே அழியும். வெள்ளம் வந்தால் இரண்டுமே நனையும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் வாழ்கின்ற நாம் இதனை மற்றவர்களிலும் பார்க்க நன்கு விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள். எழுவான்கரையில் ஒரு பிரதி இருக்குமாயின், படுவான்கரையில் மற்றொன்று இருக்கட்டும். மூன்றாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். ஓர் ஆலய சபையும் அயலிலுள்ள பள்ளிவாசல் நிர்வாகமும், பூட்டு இலக்கமிட்ட தமது பிரதிகளை ஒன்று மற்றொன்றிடம் ஒப்படைத்து வைக்கலாம். உள்ளே இருப்பதை வாசிக்க முடியாதவாறு மறைகுறியாக்கம் செய்துவிட்டால் எவருக்கும் ஐயம் எழப்போவதில்லை. செலவு, ஒரு வன்தட்டின் விலை மாத்திரமே. கிடைப்பதோ, ஆவணத்தின் பாதுகாப்பும் அயலவர் மீதான நம்பிக்கையுமாகும்.

இவற்றையெல்லாம் செய்வதற்கு ஆட்கள் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையும் தனியே ஒரு தொழில்நுட்பவியலாளரை வைத்திருக்க முடியாது. ஆனால், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் கணினி கற்கின்ற மாணவர்கள் இருக்கின்றனர். ஆண்டுக்கு இரு தடவைகள், இன்ன ஊரில் இன்ன நாளில் உங்கள் சேமிப்புப் பெட்டிகளைக் கொண்டுவாருங்கள் என்று இரு பல்கலைக்கழகங்களும் இணைந்து அறிவித்தால் என்ன? மாதிரியையும் பதிப்பையும் பார்த்து, ஆதரவுக் காலம் முடிந்ததா, மாற்று நிலைபொருள் உண்டா, கழிப்பதே நல்லதா என்று சொல்லிவிடலாம். மாணவருக்கு அது செய்முறைப் பயிற்சியாகவும் அமையும். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தி வருகின்ற 'நூலகம்' திட்டம், தன்னார்வ உழைப்பினால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குக் கண்முன்னுள்ள சான்றாகும். அதே உழைப்பை ஊர் மட்டத்தில் பாதுகாப்புப் பணிக்கும் திருப்பலாம்.

அரசாங்கத்தின் கடமையும் இதில் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29ஆம் திகதி முதல், இணையத்துடன் இணைகின்ற நுகர்வுக் கருவியை விற்பவர் அதற்கான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் எதுவரை வழங்கப்படும் என்று கட்டாயமாக அறிவிக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான இலகு கடவுச்சொல்லை வைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழி மீளெழுச்சிச் சட்டம் 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரதான கடப்பாடுகள் 2027 டிசெம்பர் 11 முதல் பொருந்தும். பொதுவாக ஐந்து ஆண்டுகளேனும் ஆதரவு வழங்க வேண்டும் என்பது அதன் விதியாகும். அங்கு தடுக்கப்படுகின்ற பழைய சரக்கு, விதிகள் இல்லாத சந்தைகளை நாடி வருவது இயல்பே. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகின்றது. பால்மாப் பொதியில் காலாவதித் திகதி இருக்க வேண்டும் என்று கேட்கின்ற நாம், எமது பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தாங்கப்போகின்ற பெட்டியிலும் அதைக் கேட்கலாம். அரச கொள்வனவுகளிலாவது இந்நிபந்தனை உடனடியாகச் சேர்க்கப்படல் வேண்டும்.

நுகர்வோர் ஒன்றிணைந்து குரல் கொடுத்தால் நிறுவனங்கள் செவிசாய்க்கின்றன என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டில் சினோலொஜி நிறுவனம் தனது புதிய பெட்டிகள் சிலவற்றில் தான் அங்கீகரித்த வன்தட்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. பயனாளர்களின் எதிர்ப்பு வலுத்ததை அடுத்து, அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட மென்பொருள் பதிப்பில் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வாங்குபவர் கேள்வி கேட்டால் விற்பவர் பதிலளித்தே ஆக வேண்டும். மட்டக்களப்பு நகரின் கடையொன்றில், இதற்கு எத்தனை வருடத்துக்குப் புதுப்பித்தல் கிடைக்கும் என்று பத்துப் பேர் தொடர்ந்து கேட்டால், கடைக்காரர் கொழும்பு முகவரிடம் அதே கேள்வியைக் கேட்பார்.

படமெடுத்து வைக்கப்பட்ட காணி உறுதி மூலப்பிரதிக்கு ஈடாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால், உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையிலிருந்தால், காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறுவது எளிதாகும். அவை இல்லாதவர் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் நிற்பார். எல்லைகளும் உரித்துகளும் இன்றும் சர்ச்சைக்குள்ளாகி வருகின்ற இப்பிரதேசத்தில், அந்த இலக்கங்களை இழப்பது ஒரு குடும்பத்தை மீண்டும் இடம்பெயரச் செய்வதற்குச் சமமாகும். சூறாவளியையும் ஆழிப்பேரலையையும் நாம் தடுத்திருக்க முடியாது. கைவிடப்பட்ட ஒரு நிலைபொருளினால் வரக்கூடிய இழப்பை நாம் தடுக்க முடியும். ஆகவே, சேமிப்புப் பெட்டி வைத்திருக்கின்ற ஒவ்வொரு பாடசாலையும் ஆலயமும் பள்ளிவாசலும் வாசிகசாலையும் இவ்வாரமே அதன் பின்புறத்தைத் திருப்பி, மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு இன்னும் ஆதரவு உண்டா என்று விசாரித்தறிய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.